ஓனஸ் குடும்பத்தைச் சுவரில் வரையும் முன்: மெல்பர்ன் பொதுக்கலைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மெல்பர்ன் பெருநகரிலும் டாண்டினாங் மலைப்பகுதியிலும் உள்ள உள்ளாட்சி மன்றங்களின் பொதுக்கலைக் குழுக்களுக்கு,

வணக்கம்.

பூர்வகுடிக் குடும்பங்களின் போராட்டத்தையும் கலையையும் பொதுச் சுவர்களில் வரையும் வழக்கம் விக்டோரியாவில் பரவி வருகிறது. இதை மனதார வரவேற்கிறோம். நெடுங்காலமாக இந்த ஊரின் சிலைகளும் தெருப்பெயர்களும் நிலத்தைப் பிடித்தவர்களையே கொண்டாடி வந்தன. நிலத்தை இழந்தவர்களின் முகம் இப்போதுதான் ரயில் நிலையத்துக்கு எதிரிலும் கார் நிறுத்துமிடத்திலும் தெரியத் தொடங்கியிருக்கிறது.

சுவர்ப்பூச்சும் சுவரோவியப் பராமரிப்பும் எங்கள் தொழில். அந்தத் தொழிலில் நின்று உங்களிடம் ஒன்று கேட்கிறோம். ஓவியரைத் தேடுவதற்கு முன்பே, சுவரைப் பார்ப்பதற்கு முன்பே, அந்தக் குடும்பத்துக்கு அந்தப் படைப்பின் மேல் எழுத்துமூல அதிகாரம் கொடுங்கள். திறப்பு விழாவுக்குப் பிந்தைய 20 ஆண்டுகளுக்கான பராமரிப்புப் பணத்தையும் அதே தீர்மானத்தில் ஒதுக்குங்கள். இவை இல்லாமல் வரையப்படும் சுவர் முதலில் வெளுக்கும், பிறகு உரியும், கடைசியில் கட்டடத்தை வாங்கியவர் ஒரு காலைப் பொழுதில் வெள்ளையடித்து மூடிவிடுவார்.

மடலைத் தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. உங்கள் மன்றங்களுக்கு வரி கட்டுபவர்களில் தமிழர்களும் கணிசமாக இருக்கிறோம். பொதுக்கலைத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்கும்போது "நல்ல திட்டம், ஆதரிக்கிறோம்" என்று ஒரு வரி எழுதி அனுப்புவதோடு எங்கள் ஆட்கள் நின்றுவிடுகிறார்கள். எதைக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

ஓனஸ் குடும்பத்தையே எடுத்துக்கொண்டு பேசுகிறோம். கலையும் போராட்டமும் ஒரே வீட்டில் இவ்வளவு நெருக்கமாக இருந்த குடும்பம் விக்டோரியாவில் அரிது. பில் ஓனஸ் 1906இல் மர்ரே ஆற்றங்கரையில் உள்ள கும்மராகுஞ்சாவில் பிறந்த, யோர்ட்டா யோர்ட்டா என்ற பூர்வகுடி மக்களைச் சேர்ந்த மனிதர். அவருடைய ஊர்க்காரர்கள்தான் 1939 பிப்ரவரி 4 அன்று, அரசு மேலாளரின் கொடுமை தாங்காமல், ஊரையே விட்டு வெளியேறி ஆற்றைக் கடந்து விக்டோரியாவுக்குள் வந்தார்கள். 1951இல் விக்டோரியா தன் அரசு விழாக்களைக் கொண்டாடியபோது அதில் பூர்வகுடிகளுக்கு இடமே இல்லை என்று பில் ஓனஸும் பூர்வகுடித் தலைவர் டக் நிக்கல்ஸும் எதிர்ப்புக் காட்டினார்கள். அந்த எதிர்ப்பின் விளைவாக, பிரின்சஸ் அரங்கில் முழுக்கப் பூர்வகுடிக் கலைஞர்களே நடித்த மேடை நிகழ்ச்சி நடந்தது. மறு ஆண்டு டாண்டினாங் மலைப்பகுதியில் உள்ள பெல்கிரேவில் பில் ஓனஸ் ஒரு தொழிற்கூடமும் கடையும் தொடங்கினார். பூமராங், துணி, மண்பாண்டம் எல்லாம் அங்கே பூர்வகுடிக் கைகளில் உருவாகி, அவர்களுக்கே கூலியும் கிடைத்தது. பூர்வகுடிகள் குறித்த அரசியலமைப்புத் திருத்தத்துக்கான 1967 வாக்கெடுப்பில் 90.77 விழுக்காட்டினர் 'ஆம்' என்று வாக்களித்தார்கள். அந்த ஆண்டு விக்டோரியாவில் அபாரிஜினல் முன்னேற்ற லீக்கின் தலைவராக, அந்தப் பதவிக்கு வந்த முதல் பூர்வகுடியாக, அவர் இருந்தார். 1968 ஜனவரியில் காலமானார். மகன் லின் ஓனஸ், கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையிலிருந்து வந்து, ஆஸ்திரேலியாவின் பெரிய ஓவியர்களில் ஒருவராகி, 1996இல் 47 வயதில் இறந்தார். பேரன் டிரிக்கி ஓனஸ் பாடகராகவும் கலைஞராகவும் இன்றும் இயங்கி வருகிறார்.

நம் வாசகர்களுக்கு ஒரு தகவல். கும்மராகுஞ்சாவின் தலைமுறை எழுதப் படிக்கக் கற்றது தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ் என்ற ஆசிரியரிடம். அவர் 1859இல் மொரீஷியஸில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர், பூர்வகுடித் தலைவர் வில்லியம் கூப்பரின் சகோதரி ஏடாவை மணந்து அந்த மக்களோடே வாழ்ந்தவர். மன்னருக்கு மனு எழுதிய தலைவர்களின் பின்னால் அவருடைய கரும்பலகை இருந்தது. அவரை எந்தச் சுவரிலாவது வரையும் நாள் வந்தால் கீழே சொல்வதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

முதலில் அனுமதி. பெரும்பாலான திட்டங்களில் இது ஒரு மின்னஞ்சலோடும் ஒரு சந்திப்போடும் முடிந்துபோகிறது. பிற்பாடு வரும் சிக்கல்களில் பாதிக்கும் மேல் இங்கே விதைக்கப்பட்டவை.

பெல்கிரேவில் ஒரு சுவர் என்று வைத்துக்கொள்வோம். அந்த மண் வுருண்ட்ஜெரி மக்களுடையது. ஓனஸ் குடும்பமோ யோர்ட்டா யோர்ட்டா. ஆகவே இரண்டு தரப்பிடம் போக வேண்டும். நிலத்துக்குரிய வுருண்ட்ஜெரி வொய்-வுரங் பண்பாட்டுப் பாரம்பரிய அமைப்பிடம், "உங்கள் மண்ணில் இன்னொரு மக்களின் குடும்பத்தைக் கொண்டாடலாமா, உங்கள் மண்ணை அதில் எப்படிக் குறிப்பிட வேண்டும்?" என்று கேட்க வேண்டும். படத்தில் இருக்கப்போகிறவர்களின் குடும்பத்திடமும் அவர்கள் வழியாக யோர்ட்டா யோர்ட்டா மூத்தோரிடமும், முகத்துக்கும் கதைக்கும் சின்னங்களுக்கும் தனித்தனியே ஒப்புதல் பெற வேண்டும். ஒரு தரப்பின் கையெழுத்து மறு தரப்புக்குச் செல்லாது.

குடும்பம் என்றால் உங்கள் தொலைபேசியில் எண் இருக்கும் ஒரு பேரப்பிள்ளை மட்டும் இல்லை. பில்லின் தம்பி எரிக் ஓனஸின் வழி தனியாக இருக்கிறது. பெண்வழி உறவுகள் இருக்கின்றன. வேறு மாநிலத்தில் வாழும் கிளைகளும் இருக்கும். யார் பேச வேண்டும் என்பதைக் குடும்பமே முடிவு செய்யட்டும், அதற்கு நேரம் கொடுங்கள். ஆறு வாரத்தில் சுவரை முடித்தே ஆக வேண்டும், நிதியாண்டு முடிகிறது என்று ஜூன் மாதத்தில் அவசரப்படுத்துவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தவறு. ஒப்புதலுக்கு மட்டும் குறைந்தது நான்கு மாதம் வையுங்கள். நடுவில் குடும்பத்தில் ஒரு துக்கம் நேர்ந்தால் வேலை நிற்க வேண்டும். அப்படி நிற்பதற்கான விதியையும் ஓவியருக்கான காத்திருப்புக் கூலியையும் ஒப்பந்தத்தில் முன்பே எழுதிவிடுங்கள். மூத்தோர் வந்து உட்கார்ந்து படங்களைப் பார்க்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆலோசகருக்குரிய கட்டணம் கொடுங்கள். தேநீரும் நன்றிக் கடிதமும் கட்டணம் ஆகாது.

அடுத்தது படம். ஆஸ்திரேலியச் சட்டத்தில் 1955க்கு முன் எடுத்த ஒளிப்படங்களுக்குப் பதிப்புரிமை முடிந்துவிட்டது. அதனால் ஆவணக்காப்பகத்தில் கிடைத்த பழைய படத்தைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். சட்டம் தடுக்காது என்பது உண்மை. ஆனால் அந்தப் படங்களில் பல சுற்றுலாப் பயணிகளுக்காகவும் செய்தித்தாளுக்காகவும் நிற்கவைத்து எடுத்தவை. எந்தப் படத்தில் தாத்தா தாத்தாவாக இருக்கிறார் என்று குடும்பத்துக்குத்தான் தெரியும். மூன்று நான்கு படங்களை அவர்கள் முன் வைத்து, அவர்கள் தேர்ந்ததை எடுங்கள். அவர்கள் வீட்டில் இருக்கும் படத்தைக் கொடுத்தால், பிரதி எடுத்த அன்றே மூலத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

லின் ஓனஸின் ஓவியங்களைத் தழுவ விரும்பினால் இன்னும் கவனம் வேண்டும். அவர் இறந்து 70 ஆண்டு வரை, அதாவது 2066 முடியும் வரை, அவருடைய படைப்புகளுக்குப் பதிப்புரிமை உண்டு. காப்பிரைட் ஏஜென்சி வழியாக உரிமம் பெற வேண்டும். வாழ்நாளில் பூர்வகுடிக் கலைஞர்களின் பதிப்புரிமைக்காக வாதாடிய மனிதரைக் கௌரவிக்கும் சுவரில் அவருடைய தவளையையும் மீனையும் உரிமமின்றி நகலெடுப்பது அவரை அவமதிப்பதாகும். இதைவிட நுட்பமான ஒன்றும் இருக்கிறது. அவருடைய படங்களில் நீருக்கடியிலும் மீன்களின் உடம்பிலும் மெல்லிய குறுக்குக்கோட்டு வேலைப்பாடு இருக்கும். அது ராற்க் எனப்படும், ஆஸ்திரேலியாவின் வடக்கே உள்ள ஆர்னம் நிலத்து மரபு. 1986 முதல் அங்குள்ள மனிங்கிரிடா பகுதிக்குப் போய்வந்த லின்னை ஜேக் வுனுவுன் என்ற மூத்த ஓவியர் மகனாக ஏற்றுக்கொண்டு, அந்தக் கோடுகளை வரையும் உரிமையைக் கொடுத்தார். அந்த உரிமை லின்னுக்குக் கிடைத்தது, உங்கள் ஓவியருக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கோடு வேண்டுமென்றால் மெல்பர்ன் குடும்பத்தைத் தாண்டி, அந்த வடக்கத்திக் குலத்தாரிடமும் கேட்க வேண்டும். கேட்க நேரமில்லை என்றால் அந்தக் கோடுகளை விட்டுவிடுங்கள். ஆற்றோரச் சிவப்பு யூகலிப்டஸ் மரங்களும் பார்மா காட்டு வெள்ளமும் அந்தக் குடும்பத்தின் சொந்த மண்ணிலேயே இருக்கின்றன.

கொடி வரைவதில் இப்போது தடையில்லை. ஹெரல்ட் தாமஸ் உருவாக்கிய அபாரிஜினல் கொடியின் பதிப்புரிமையை 2022 ஜனவரியில் மத்திய அரசு வாங்கிப் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது. அளவு 3க்கு 2. மேல்பாதி கருப்பு, கீழ்ப்பாதி சிவப்பு, நடுவில் மஞ்சள் வட்டம். சுவரின் வடிவத்துக்காக அதை இழுத்து நீட்டாதீர்கள்.

எதை வரைவது என்பதில் ஒரு குறை. பில் ஓனஸ் என்றதும் பூமராங் எறியும் புன்னகை முகம்தான் சுவருக்கு வருகிறது. தொழிற்சங்கத்தில் இருந்தவர், உளவுத்துறை கோப்பு திறந்து கண்காணித்தவர், வாக்கெடுப்புக்காக ஊர் ஊராகப் பேசியவர் சுவரில் காணாமல் போகிறார். பூமராங் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அது அவர் கட்டிய தொழிலின் பொருள், அந்தப் பணத்தில்தான் பலர் வீட்டு அடுப்பு எரிந்தது. ஆனால் போராட்டத்தை விட்டுவிட்டுக் கைவினையை மட்டும் காட்டும் சுவர் அரைகுறைச் சுவர். பெண்களுக்கும் இதே கதிதான். ஸ்காட்லாந்திலிருந்து வந்து, இந்தக் குடும்பத்துக்குள் வாழ்ந்து, லின்னை வளர்த்த, பில்லின் மனைவி மேரியை எத்தனை பேருக்குத் தெரியும்? இந்த விஷயத்தில் மெல்பர்னிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. நாடாளுமன்றப் பூங்காவில் 2007இல் நிறுவிய வெண்கலச் சிலையில் சர் டக் நிக்கல்ஸும் லேடி கிளாடிஸ் நிக்கல்ஸும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். கணவரின் பெயருக்குக் கீழே ஒரு வரியாகக் கிளாடிஸ் சுருங்கிவிடவில்லை.

இனி எங்கள் வேலைக்கு வருகிறோம்.

திசையிலிருந்தே தொடங்குங்கள். தென்கோளத்தில் வடக்கு நோக்கிய சுவர்தான் நாள் முழுதும் வெயில் வாங்கும். மேற்குச் சுவர் கோடை மாலையில் கொதிக்கும். தெற்குச் சுவருக்கு வெயில் படாது, ஆகவே ஈரம் காயாது. டாண்டினாங் மலைப்பகுதியின் மரநிழலில் அது இரண்டே குளிர்காலத்தில் பச்சை பிடித்துவிடும். தேர்வு செய்யும் வசதி இருந்தால் கிழக்குச் சுவரை எடுங்கள். காலை வெயில் பனியை உலர்த்தும், மாலை வெயில் நிறத்தைத் தின்னாது.

பிறகு சுவரின் மேல்விளிம்பைப் பாருங்கள். சுவரோவியம் பெரும்பாலும் வெயிலால் சாவதில்லை, கூரைப்பீலி ஒழுகிச் சாகிறது. பீலியில் இலை அடைத்துத் தண்ணீர் சுவரின் பின்பக்கமாக இறங்கும். செங்கல்லுக்குள் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு முன்பக்கம் வரும். அங்கே பெயின்ட் படலம் வழிமறிக்கும். நீர் ஆவியாகும்போது உப்பு படிகமாகிப் பெருத்துப் படலத்தைத் தள்ளிவிடும். வெள்ளைப் பொடியாகப் பூக்கும், கொப்புளம் வரும், பிறகு காசளவு துண்டுகளாக உதிரும். அதன் மேல் எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் நிற்காது. பீலியையும் மழைநீர்க் குழாயையும் சுவர்த் தலைமூடியையும் சரிசெய்து, ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு வரையுங்கள். சுவரடியில் மண் குவிந்திருந்தால் ஈரத்தடுப்பு வரிசைக்குக் கீழே வரும் வரை வெட்டி எடுங்கள். புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய் சுவரைப் பார்த்து நின்றால் திருப்பிவிடுங்கள்.

ஈரம் இருக்கிறதா என்று சோதிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. அரை மீட்டர் சதுரமுள்ள கனமான பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் ஒட்டி, ஒரு முழு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். உட்பக்கம் நீர்த்துளி இருந்தாலோ சுவர் நிறம் கருத்திருந்தாலோ அந்தச் சுவர் தயாராகவில்லை. அடியில், நடுவில், உச்சியில் மூன்று இடத்தில் செய்யுங்கள். புதிய சிமென்ட் பூச்சென்றால் குறைந்தது 28 நாள் விடுங்கள். அதற்கு முன் அதன் காரத்தன்மை அக்ரிலிக் பெயின்டைக் கெடுக்கும், சில நிறமிகளை வெளுக்கவும் செய்யும். பழைய பெயின்ட் உள்ள சுவரில் பிளேடால் குறுக்குநெடுக்காகக் கீறி, நல்ல ஒட்டுநாடாவை அழுத்தி வெடுக்கென இழுங்கள். துண்டு துண்டாக வந்தால் பழைய படலம் முழுவதையும் எடுத்தாக வேண்டும். 1970க்கு முந்தைய கட்டடத்தில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கும் என்றே எடுத்துக்கொண்டு முதலில் பரிசோதனை செய்யுங்கள். அதை உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்கவிடுவது அந்தத் தெருக் குழந்தைகளுக்கு நஞ்சூட்டுவது.

பழைய செங்கல்லைக் கழுவும்போது அழுத்தம் அதிகமானால் சுண்ணாம்புக் காரை பெயர்ந்துவிடும். விசிறிமுனை வைத்து, தள்ளி நின்று, குறைந்த அழுத்தத்தில் கழுவுங்கள். பாசிக்கு நீர்த்த பிளீச் அடித்துக் கால் மணி நேரம் ஊறவிட்டு நன்றாக அலசுங்கள். பாசியை வேரோடு கொல்லாமல் மேலே பெயின்ட் அடித்தால் அது படலத்துக்கு அடியில் வளர்ந்து மேலே வரும்.

அளவுக் கணக்கைச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் ஏலக் கேட்பில் இங்கேதான் குறைக்கிறார்கள். 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரச் செங்கல் சுவர் 72 சதுர மீட்டர். காரைப் பள்ளங்களையும் சொரசொரப்பையும் சேர்த்தால் பெயின்ட் குடிக்கும் பரப்பு 86 அளவில் வரும். காரம் தாங்கும் பிரைமர் லிட்டருக்கு 8 சதுர மீட்டர் என்றால் ஒரு கைக்கு, அதாவது ஒரு தடவைப் பூச்சுக்கு, 11 லிட்டர். அடிநிறம் லிட்டருக்கு 10 என்று இரண்டு கைக்கு 17 லிட்டர். படம் முடிந்த பின் அடிக்கும் தெளிந்த காப்புப்பூச்சு லிட்டருக்கு 12 என்று இரண்டு கைக்கு 14 லிட்டர். ஓவியத்தின் நிறங்கள் இதற்கு மேல், அவை படத்தைப் பொறுத்தவை. இந்தச் சுவருக்கு மொத்தமாக 15 லிட்டர் பெயின்ட் என்று ஒருவர் விலை கொடுத்தால், பிரைமரையோ இரண்டாவது கையையோ அவர் விட்டுவிட்டார் என்று பொருள்.

நிறமியைப் பெயரோடு கேளுங்கள். காவி, மண்மஞ்சள், பழுப்பு எல்லாம் இரும்பு ஆக்சைடு. அவை வெளுக்காது. சிக்கல் கொடியின் பளிச்சென்ற மஞ்சளிலும் சிவப்பிலும்தான். மலிவான கரிம மஞ்சள் நிறமி வடக்குச் சுவரில் சில கோடையிலேயே பாலாடை நிறத்துக்குப் போய்விடும், மலிவான சிவப்பு இளஞ்சிவப்பாகும். மஞ்சளுக்கு பிஸ்மத் வனடேட், சிவப்புக்கு பைரோல் சிவப்பு என்று விவரக்குறிப்பிலேயே எழுதுங்கள், விலை கூடத்தான் இருக்கும். கருப்பு வெளுக்காது, ஆனால் கோடை வெயிலில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும். வெடிப்புள்ள சிமென்ட் பூச்சின் மேல் பெரிய கருப்புப் பரப்பு வந்தால் வெடிப்பு சீக்கிரம் நீளும், அதனால் வெடிப்பை முதலில் நெகிழ்வான அடைப்பானால் அடைக்க வேண்டும்.

முகத்தைச் சுவரில் ஏற்றுவது தனிக்கலை. ஆஸ்திரேலியச் செங்கல்லின் முக உயரம் 7.6 சென்டிமீட்டர், காரை 1 சென்டிமீட்டர். 4 மீட்டர் உயர முகம் வரைந்தால் அதில் கருவிழி ஏறத்தாழ 20 சென்டிமீட்டர், நடுப்பாவை 7 சென்டிமீட்டர். அதாவது பாவை ஒரே ஒரு செங்கல்லுக்குள் அடங்கிவிடும். கட்டம் போடும்போது படத்தை நாலைந்து சென்டிமீட்டர் மேலோ கீழோ நகர்த்தி அதைச் செங்கல் முகத்தில் உட்கார வையுங்கள். காரைக்கோடு பாவையின் நடுவே போனால் எதிர்ச்சாரியிலிருந்து பார்ப்பவருக்குப் பார்வை ஒடிந்து தெரியும். உதட்டுக்கோட்டுக்கும் இதே கணக்கு. தோலின் நிறத்தை இரவில் விளக்கொளியில் முடிவு செய்யாதீர்கள். கருப்புவெள்ளைப் படத்திலிருந்து வரையும்போது ஓவியர்கள் அறியாமலே தோலை வெளிறச் செய்கிறார்கள், அல்லது வெண்கலச் சிலைபோல ஆக்கிவிடுகிறார்கள். சுவரிலேயே ஒரு மீட்டர் சதுரத்தில் கன்னப்பகுதியை மாதிரியாகப் போட்டு, காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் குடும்பத்தாரை அழைத்துக் காட்டுங்கள். அவர்கள் தலையசைத்த கலவையின் எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு மேலே போங்கள்.

வேலை நேரத்தை நாட்காட்டி தீர்மானிக்கக் கூடாது, சுவரின் வெப்பம் தீர்மானிக்க வேண்டும். சுவர் 10 டிகிரிக்கும் 35 டிகிரிக்கும் இடையில் இருக்க வேண்டும், பனிநிலையைவிட (காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாகும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி கூட இருக்க வேண்டும். பெல்கிரேவில் இலையுதிர் காலக் காலையில் சுவர் உலர முற்பகல் ஆகிவிடும், பிற்பகல் மூன்றுக்கு மேல் அடித்த பூச்சு காய்வதற்குள் பனி இறங்கிவிடும். அப்படி இறங்கினால் அடர்நிறங்களிலிருந்து தேன்நிறத்தில் ஒட்டும் கோடுகள் வழியும். அது பெயின்டில் கலந்த சோப்புத்தன்மையுள்ள பொருள் வெளியே கசிவது. பயப்பட வேண்டாம், வெறும் தண்ணீரில் கழுவினால் போய்விடும். கழுவாமல் மேலே காப்புப்பூச்சு அடித்தால்தான் நிரந்தரமாகத் தங்கிவிடும். டிசம்பர் முதல் மார்ச் வரை காலை வேலைக்கு நல்ல காலம். கை நீளும் மேடை 11 மீட்டரோ அதற்கு மேலோ எட்டும் வகையானால் இயக்குபவருக்கு உரிமம் வேண்டும், ஓவியருக்கு அது இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

கிறுக்கலைத் தடுக்கப் பாலியூரித்தேன் பூச்சை நேரே படத்தின் மேல் அடிக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். அது சுவரின் மூச்சை அடைத்துவிடும், பழுதானால் படத்தைக் கிழிக்காமல் எடுக்க முடியாது. முதலில் அக்ரிலிக் காப்புப்பூச்சு, அதன் மேல் சுடுநீரில் கரைந்து போகும் தியாகப்பூச்சு. யாராவது கிறுக்கினால் சுடுநீர் பீய்ச்சிக் கிறுக்கலோடு அந்தப் பூச்சையும் கழுவிவிட்டு, அந்த இடத்தில் மட்டும் புதிதாக அடித்துக்கொள்ளலாம். கை எட்டும் உயரமான 3 மீட்டர் வரை போதும். ஆனால் பூச்சு முடியும் இடத்தில் பளபளப்பு மாறி ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு முகத்தின் நடுவில் விழாமல், ஆற்றங்கரை, துணி விளிம்பு என்று படத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒரு கோட்டோடு சேரும்படி ஓவியர் முதல் வரைவிலேயே திட்டமிட வேண்டும். பூர்வகுடி முகங்களின் மேல் வெறுப்பு வாசகம் எழுதும் ஆட்கள் இருக்கிறார்கள். 24 மணி நேரத்துக்குள் அது அழிக்கப்பட வேண்டும், யார் அழிப்பது, யாரை அழைப்பது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். அழிக்கும் முன் படம் எடுத்துக் காவல்துறைக்குக் கொடுங்கள். குடும்பத்துக்கு அந்தச் செய்தி உங்களிடமிருந்து போக வேண்டும், சமூக ஊடகத்திலிருந்து போகக் கூடாது.

சுவரில் நேரடியாக வரையாமல் பலகைகளில் வரைந்து பொருத்துவது பற்றியும் யோசியுங்கள். 1980களில் நார்த்கோட் செயின்ட் ஜார்ஜஸ் ரோட்டில் லின் ஓனஸும் மேகன் எவன்ஸ், ரே தாமஸ், லெஸ் கிரிக்ஸ் முதலியோரும் சேர்ந்து உருவாக்கிய கூரி சுவரோவியம் பிற்காலத்தில் புதுப்பிக்கப்பட்டு, தோர்ன்பரியில் அபாரிஜினல் முன்னேற்ற லீக்கின் கட்டடத்துக்கு இடம்மாறியது. சமூகம் விடாமல் நின்றதால் அது பிழைத்தது. கட்டடம் கைமாறினாலும் இடிந்தாலும் பலகையைக் கழற்றி எடுத்துப் போகலாம். ஆனால் நடுவில் பாலிஎத்திலீன் வைத்த அலுமினியக் கூட்டுப்பலகையைக் கட்டடச் சுவரில் மாட்டாதீர்கள். 2014இல் மெல்பர்ன் லாக்ரோஸ் அடுக்குமாடியில் பற்றிய தீ அந்த வகைப் பலகை வழியாகத்தான் மேலே ஏறியது. கெட்டி அலுமினியத் தகடு எடுங்கள். தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே காற்றுப்போக இடைவெளி விடுங்கள். தகடு வெயிலில் நீளும், அதனால் திருகுத்துளையைச் சற்று நீள்வட்டமாக்குங்கள். இறுக்கிப் பூட்டினால் கோடையில் நெளிந்து பெயின்ட் வெடிக்கும்.

இப்போது சட்டம். 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி படைப்பாளிக்குத் தார்மிக உரிமைகள் உண்டு. பெயர் போட வேண்டும், படைப்பைச் சிதைக்கக் கூடாது. கட்டடத்தை மாற்றவோ இடிக்கவோ போகும் உரிமையாளர் முறைப்படி அறிவிப்புக் கொடுத்தால், படைப்பாளிக்கு மூன்று வாரம் கிடைக்கும். அதற்குள் அவர் பதிவெடுக்கவோ பேசவோ கேட்கலாம், அவ்வளவுதான். கவனியுங்கள், இந்த உரிமை ஓவியருக்கு உள்ளது. சுவரில் இருக்கும் மனிதரின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இந்தச் சட்டத்தில் ஒரு சொல்கூட இல்லை. தாத்தாவின் முகத்தின் மேல் விளம்பரப் பலகை மாட்டினால் வழக்குப் போடும் தகுதி ஓவியருக்கு இருக்கும், பேத்திக்கு இருக்காது. ஆகையால் ஒப்பந்தம்தான் அவர்களுக்கு இருக்கும் ஒரே பிடிமானம்.

அதில் இவற்றைச் சேருங்கள். முதல் வரைவு, வண்ண வரைவு, விளக்கப்பலகை வாசகம் ஆகிய மூன்று கட்டத்திலும் குடும்பம் 'வேண்டாம்' என்று சொன்னால் வேலை நிற்கும். சுவரின் படத்தை நாட்காட்டியிலோ துணிப்பையிலோ சுற்றுலா விளம்பரத்திலோ போடுவதற்குக் குடும்பத்தின் தனி ஒப்புதல் வேண்டும், வருமானத்தில் பங்கும் வேண்டும். தனியார் கட்டடமென்றால் உரிமையாளர் மாறினாலும் தொடரும்படியான உடன்பாடு, மாற்றத்துக்கு ஆறு மாத முன்னறிவிப்பு. படைப்பை எடுக்க வேண்டி வந்தால் எடுக்கும் செலவு மன்றத்துடையது, கடைசியாகப் பார்த்து விடைகொடுக்கக் குடும்பத்துக்கு ஒரு நாள்.

பராமரிப்புக்கு எங்கள் கணிப்பு: மொத்தத் திட்டச் செலவில் நான்கில் ஒரு பங்கைத் தனிக்கணக்கில் போட்டு வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, குளிர்காலம் முடிந்ததும், பீலி சுத்தம் செய்து, மிதமான சோப்பு நீரில் சுவரைக் கழுவி, நிற அட்டையைப் பக்கத்தில் பிடித்து அதே இடத்திலிருந்து படம் எடுங்கள். ஐந்தாண்டு படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் மஞ்சள் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும், நாள்தோறும் கடந்துபோகும் கண்ணுக்குத் தெரியாது. தியாகப்பூச்சை உற்பத்தியாளர் சொல்லும் கெடுவில் புதுப்பியுங்கள். மிச்சப் பெயின்டைச் சேமித்து வைத்தால் சில ஆண்டில் கெட்டுவிடும். நிறுவனப் பெயர், நிறமி எண், கலவை விகிதம் எழுதிய தாளும் பலகையில் தீட்டிய மாதிரியும் மன்றத்தின் ஆவணத்திலும் குடும்பத்திடமும் ஒவ்வொரு பிரதி இருக்கட்டும். சிட்னி ரெட்ஃபர்ன் ரயில் நிலையத்தருகே 1983இல் வரைந்த 40,000 ஆண்டுகள் சுவரோவியம் நிறம் வெளுத்து, காரை உதிர்ந்து, 30 ஆண்டுக்கு மேல் கழித்துத்தான் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது. இத்தகைய ஆவணமும் ஆண்டுக் கழுவலும் இருந்தால் அந்த வேலை பல மடங்கு சுலபமாகும். திருத்தும் வேலையைக் குடும்பம் சொல்லும் பூர்வகுடி இளங்கலைஞருக்குக் கொடுங்கள். மூல ஓவியரே அவருக்கு நிறக்கலவையைக் கற்றுக்கொடுக்கும் இரண்டு நாள் கூலியையும் முதல் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

இந்த மன்றங்களின் எல்லையில் வாழும் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படியொரு திட்டத்துக்குக் கருத்துக் கேட்டால் மூன்று கேள்வியாவது எழுதி அனுப்புங்கள். மண்ணுக்குரியவர்களும் குடும்பத்தினரும் தனித்தனியே ஒப்புதல் தந்தார்களா? சுவரின் ஈரச் சோதனை அறிக்கை எங்கே? திறப்பு விழாவுக்கு அடுத்த ஆண்டு பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்?

குழு உறுப்பினர்களே, உங்கள் அடுத்த நிதியாண்டுத் திட்டங்களுக்கான விவரக்குறிப்பு இனிமேல்தான் எழுதப்படும். மேலே சொன்ன ஒப்பந்த விதிகளையும் சுவர்ச் சோதனைகளையும் அதில் சேர்க்க உங்கள் அலுவலர்களோடு உட்கார்ந்து பேச நாங்கள் தயார், அதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம். ஆனால் எங்களை அழைக்கும் முன் குடும்பத்தை அழையுங்கள்.

இப்படிக்கு,
சுவர்ப்பூச்சு, சுவரோவியப் பராமரிப்புத் தொழிலில் உள்ள தமிழர் சிலர்,
மெல்பர்ன்